சோளக்காட்டு அசரீரி

புராணங்களிலே அசரீரி என்றொன்று அடிக்கடி வரும். உடம்பில்லாத குரல், ஆகாயத்திலிருந்து எழும், கேட்பவன் விரும்பினாலென்ன, விரும்பாவிட்டாலென்ன, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடும். தங்கையைத் தேரேற்றி ஊர்வலம் வந்த கஞ்சனுக்குக் கேட்டது அத்தகையதொரு குரலே. பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியராகிய நாம் அசரீரிகளை நம்புவதில்லை. ஆயினும் 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் நட்டநடுவே, சோளக்காட்டை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெருவொன்றில் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை அசரீரியின் துணையோடேயே கடந்தோம்.

நடந்தது இதுதான். எமது சிறிய தந்தையாரின் மகன் ஐயோவா மாநிலத்தின் தலைநகரான டிமோய்னில் பொறியியலாளனாக இருக்கிறான். அவனுடைய மைத்துனர் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிற் புதுமனை புகுந்தார். மனைவி மக்களை முதல்நாளே விமானத்தில் அனுப்பிவிட்டு, தம்பி எம்மையும் ஏற்றிக்கொண்டு காரிற் புறப்பட்டான். காரிற் போனதற்குக் காரணம் நாமல்லேம். பின்னாசனத்தில் இருப்புப் பட்டியாற் கட்டப்பட்டு, ஒரு பெரிய மனிதரைப்போல நிமிர்ந்திருந்த நாலடிக் குத்துவிளக்கே காரணம். அதன் பக்கத்தில் நிறைகுடமும், தாம்பாளங்களும், ஊரிலிருந்து நாம் சுமந்து சென்ற ஒடியல்மாப் பொட்டலமும் இருந்தன.

காருக்கு வயது இருபது. கைத்தொலைபேசியிலுள்ள பாட்டை வண்டியிற் போட்டுக் கேட்கும் வசதியெல்லாம் அது பிறந்த பின்னர் வந்தவை. அதனிடம் இருந்தது ஒரு வானொலிப்பெட்டி மாத்திரமே. நகர எல்லை தாண்டியதும் தம்பி பொத்தானை அழுத்தினான். எண்கள் ஓடின, ஓரிடத்தில் நின்றன. ஒருவர் எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தை விளக்கிக்கொண்டிருந்தார். மறுபடி அழுத்தினான். ஒரு மாது, பிள்ளைகளை வேதத்தின்படி கண்டிப்பது எவ்வாறு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடியும் அழுத்தினான். ஒருவர் உலகமுடிவைப் பற்றி, நாளைய காலநிலையை அறிவிப்பவர்போல எவ்விதப் பதற்றமுமின்றிப் பேசினார்.

“என்ன தம்பி, எல்லாப் பக்கமும் பிரசங்கமாய்க் கிடக்குது?”

“அண்ணை, டயலிலை இடதுகைப் பக்கம் முழுக்க இதுதான். பாட்டு வேணுமெண்டால் வலப்பக்கம் போகோணும். அங்கை லொறிக்காரர் காதலியை இழந்த பாட்டுத்தான் வரும்.”

தம்பி சொன்னதில் விஷயம் இருந்தது. அந்நாட்டிலே எப்.எம். அலைவரிசையின் கீழ்முனை, அதாவது 88 முதல் 92 மெகாஹேட்ஸ் வரையுள்ள பகுதி, இலாபநோக்கற்ற கல்வி நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகங்களும் பொதுசன வானொலியும் அங்கே குடியிருக்கும். வேதத்தைப் போதிப்பதும் கல்விதானே என்று கிறிஸ்தவ நிலையங்களும் அங்கேயே வேலி பிரித்து நுழைந்து, இப்போது ஊரிற் பெரும்பகுதியைத் தமதாக்கிக்கொண்டன. விளம்பரம் போடக்கூடாது; ஆனால் நேயர்களிடம் நன்கொடை கேட்கலாம். கேட்கிறார்கள். எமது கோவில் திருப்பணிச் சபையினர் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்கும்போது முகத்திற் காட்டும் அதே இனிமை, அந்தக் குரலிலும் இருக்கக் கண்டோம்.

இத்தொழிலுக்கு அங்கே வயது நூறுக்கு மேல். பிட்ஸ்பேர்க் நகரிலே கே.டி.கே.ஏ. என்னும் நிலையம் 1920 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒலிபரப்பைத் தொடங்கி இரண்டே மாதங்களில், 1921 ஜனவரி 2 ஆந் திகதி, கல்வாரி எப்பிஸ்கோப்பல் தேவாலயத்தின் ஞாயிறு வழிபாட்டை ஆகாயத்திற் பரப்பிவிட்டது. கருவிகளோடு நின்ற தொழில்நுட்பவியலார் சபையோரின் கண்ணைக் கவராதிருக்கும் பொருட்டு அவர்களுக்கும் பாடகர்குழுவின் அங்கியை உடுத்திவிட்டார்களாம். 1924 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே ஏமி செம்பிள் மக்பெர்சன் என்ற பெண் போதகர் சொந்தமாகவே ஒரு நிலையம் நிறுவினார். அவருடைய அலை தனக்கு விதிக்கப்பட்ட இடத்தில் நில்லாமல், கட்டவிழ்ந்த கன்றுபோல அயலவர் அலைகளில் மேய்ந்து திரிந்தது. அரசாங்கம் தடுக்க முற்பட்டபோது, அம்மையார் வர்த்தகச் செயலாளராயிருந்த ஹூவருக்கு ஒரு தந்தி அடித்து, சர்வ வல்லவர் உம்முடைய அலைநீளத்துக்குக் கட்டுப்படுவாரென்று எதிர்பார்க்க வேண்டாம் என்று அறிவித்ததாக, பின்னாளில் ஜனாதிபதியாகி ஓய்வுபெற்ற அந்த ஹூவரே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மாணவர்க்கு அதிர்வெண்ணைப் படிப்பித்துக் களைத்த எமக்கு அந்த அம்மையார்மேல் இரகசியமாய் ஓர் அன்பு உண்டு.

ஒமகா நகரைத் தாண்டி மிசூரி ஆற்றைக் கடந்ததும் நெப்ராஸ்கா மாநிலம் தொடங்குகிறது. இல்லை, ஆற்றைக் கடந்ததும்தான் ஒமகா. வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டோம். எப்படியாயினும் அதற்குப் பின் பார்ப்பதற்கென்று அதிகமில்லை. 80 ஆம் இலக்கப் பெருந்தெரு இம்மாநிலத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக ஏறக்குறைய 455 மைலுக்குக் கிழித்துச் செல்கிறது. இருபுறமும் சோளம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, தலையிற் பூந்துணர் சூடி, ஒரே அளவான பச்சையாய் வானம்வரை செல்கிறது. அங்கங்கே தானியம் சேமிக்கும் வெண்ணிறக் குதிர்கள், தூரத்திற் கோபுரம்போலத் தோன்றி, கிட்டச் சென்றதும் ஏமாற்றும். பிளாற் ஆறு தெருவுக்குச் சமீபமாகவே ஓடுகிறதென்றாலும் மரங்கள் மறைக்கின்றன. அகலமும் ஆழமின்மையும் அந்த ஆற்றின் இலக்கணம். மார்ச் மாதத்திற் போயிருந்தால் வடக்கே செல்லும் நாரையினங்கள் இலட்சக்கணக்கில் அதன் மணற்றிட்டுகளில் இறங்கும் அற்புதத்தைக் கண்டிருப்போம். ஆகஸ்டில் ஒரு நாரைதானும் இல்லை.

கண்ணுக்கு வேலையில்லாதபோது காது விழித்துக்கொள்கிறது. பௌதிகம் படித்தவனுக்கு இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. எப்.எம். முறையில் ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் மோதினால் இரண்டுங் கலந்து கேட்பதில்லை. வலியது மெலியதை முற்றாய் விழுங்கிவிடும். வண்டி ஒன்றின் எல்லையிலிருந்து மற்றதின் எல்லைக்குள் நுழையும் கணத்தில், ஒருவர் வாக்கியத்தின் நடுவிலேயே மறைய, இன்னொருவர் அதே மூச்சிலே தொடர்வார். ஒரு போதகர், “மீனின் வயிற்றுக்குள்ளிருந்து யோனா தீர்க்கதரிசி வாய்திறந்தபோது வெளிப்பட்டது என்னவென்றால்” என்று நிறுத்தினார். வெளிப்பட்டது இத்தாலிய இசைநாடகப் பாடகி ஒருத்தியின் உச்சஸ்தாயி. ஒரு மேடு இறங்கியதும் அவள் அடங்கி, போதகர் திரும்பவும் வந்து, “ஆகவே நினிவே மக்கள் மனந்திரும்பினார்கள்” என்றார். திரும்பாதிருப்பார்களா?

குரல்களுள் ஒன்று எமக்குப் பிடித்துப்போயிற்று. தெற்கத்திய இழுவையோடு, திண்ணையிலிருந்து கதை சொல்லும் பாட்டனார்போல, ஆகாய் என்னும் சிறு தீர்க்கதரிசி நூலை வரிவரியாய் விளக்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லை, அதட்டலில்லை. இவர் யார் என்று வினவினோம்.

“வேர்னன் மக்கீ எண்டு ஒருத்தர் அண்ணை. முழு வேதத்தையும் அஞ்சு வருசத்திலை முடிச்சுப்போட்டுத் திரும்பவும் முதலிலையிருந்து துவங்குவார்.”

“நல்ல பொறுமைசாலி. வயது போனவரோ?”

“செத்து முப்பது வருசத்துக்கு மேலை.”

விசாரித்ததில் உண்மைதான். அந்தப் போதகர் 1988 இற் காலமானவர். ஒலிநாடாக்கள் மட்டும் ஐந்தாண்டுக்கொருமுறை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை சுற்றிக்கொண்டேயிருக்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளிலும் பெயர்ந்து செல்கின்றன. உடம்பில்லாத குரல் என்று நாம் மேலே சொன்னது அலங்காரமன்று.

உலகமுடிவைக் கணிப்போரும் இத்துறையில் உண்டு. அவர்களுள் கலிபோர்னியா மாநிலத்து ஒக்லாண்டிலிருந்து பேசிய ஹரோல்ட் கம்பிங் என்பவரைப் பலருக்கு நினைவிருக்கும். அவர் படித்தது சிவில் எஞ்சினியரிங். மாலைதோறும் நேயர்களின் வேதக் கேள்விகளுக்குத் தொலைபேசியில் விடையிறுப்பார். ஊழிப் பிரளயம் கி.மு. 4990 இல் வந்தது, அதிலிருந்து ஏழாயிரம் ஆண்டு கூட்டுக, கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையிற் பூச்சிய ஆண்டு இல்லையாதலின் ஒன்றைச் சரிசெய்க, விடை 2011. மே மாதம் 21 ஆந் திகதி நல்லோர் விண்ணேறுவர் என்றார். தம்பி அப்போது அந்நாட்டில் மாணவன். தெருவோரப் பெரும்பலகைகளில் அத்திகதி எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தவன். அதற்கு மறுவாரம் பரீட்சையாம். உண்மையாயிருக்கக்கூடாதா என்று ஏங்கியதாகச் சொன்னான்.

கணக்கின் படிகளிற் பிழையில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறோம். பூச்சிய ஆண்டை மறந்துவிடும் மாணவர் எமது வகுப்பிற் பலர். தொடங்கிய இடந்தான் பிழை. மே மாதம் பொய்த்ததும் ஒக்டோபர் 21 என்றார், அதுவும் பொய்த்தது. 1994 இலும் ஒருமுறை பொய்த்திருந்தது. ஆனால் 2012 இல் அந்த முதியவர், நாம் பிழைவிட்டோம், நாள் குறிக்க முனைந்ததே தவறு என்று நேயருக்குப் பகிரங்கமாய் எழுதினார். மறுவருடம் காலமானார். யாழ்ப்பாணத்திலே வாக்கிய பஞ்சாங்கத்துக்கொரு தீபாவளி, திருக்கணித பஞ்சாங்கத்துக்கொரு தீபாவளி என்று வந்த ஆண்டுகளிலெல்லாம், எந்தத் தரப்பிலிருந்தேனும் அப்படியொரு கடிதம் வந்ததாக நாம் அறியோம்.

லிங்கன் நகரை அணுகியபோது பெயர்ப்பலகை எம் நினைவில் எதையோ தட்டிற்று. இலங்கை வானொலியிற் சிறுவயதிலே கேட்ட ‘சத்திய வசனம்’ நிகழ்ச்சியின் தாயகம் இந்த நகரமன்றோ! 1939 இல் தியடோர் எப் என்பவர் இங்கே தொடங்கிய வேத ஒலிபரப்பின் தமிழ்க் கிளைதான் அது. தந்தையார் தேவாரம் முடித்து வானொலியைத் திறக்கும்போது சிலவேளை தவறுதலாக அது வந்து விழும். உடனே திருகி மாற்றுவார். மாற்றுமுன் காதில் விழுந்த அரைவாக்கியங்கள் எத்தனையோ! அவற்றின் மறுபாதி இந்தச் சோளத்துக்குள் எங்கோ கிடந்திருக்கிறது.

லிங்கனிலிருந்து கிராண்ட் ஐலண்ட் வரையில் தெரு எழுபத்திரண்டு மைலுக்கு, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராகச் செல்கிறது. எமது வீழ்ச்சி இந்த நேர்கோட்டிலேதான் நிகழ்ந்தது.

நேயர்கள் நேரடியாய்த் தொலைபேசியில் அழைக்கும் நிகழ்ச்சி ஒன்று தொடங்கிற்று. நடத்தியவர் பலமான குரலும் அசையாத நம்பிக்கையும் உடையவர். பூமிக்கு வயது ஆறாயிரம் ஆண்டு; மலைகளும் பாறைப்படைகளும் பிரளயத்தின் கைவேலை; நிலவியலார் சொல்வதெல்லாம் ஊகம் என்றார். பதினேழாம் நூற்றாண்டில் அஷர் என்ற ஐரிஷ் பேராயர், சிருட்டி நிகழ்ந்தது கி.மு. 4004 இல் என்று வேத வமிசாவளிகளைக் கூட்டிக் கண்ட கணக்கின் வாரிசு இது. எமக்குக் கோபம் மூண்டது. கோபத்துக்கு ஒரு சரித்திரமும் இருந்தது.

1816 இல் இதே அமெரிக்காவிலிருந்து தெல்லிப்பழையில் வந்திறங்கிய மிசனரிமார் எம் முன்னோரிடம் கொண்டுவந்தது வேதத்தை மட்டுமன்று, தொலைநோக்கியையுங் கொண்டுவந்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியிலே டானியல் பூவர் ஐயர் வானசாஸ்திரம் படிப்பித்தார். 1829 இலே ஒரு சந்திரகிரகணம். அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்திற் குறித்த நேரத்துக்கும் பூவர் ஐயர் கணித்த நேரத்துக்கும் கால்மணி அளவான வித்தியாசம் இருந்தது. ஊர் கூடி வானத்தைப் பார்த்து நின்றது. கிரகணம் பூவர் ஐயரின் கணக்குக்கே பணிந்தது. யாழ்ப்பாணத்தில் இக்கதையை அறியாத விஞ்ஞான ஆசிரியர் இரார். ஆகாயத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள் என்று எமக்குச் சொன்னவர்களின் நாட்டிலேயே, இன்று ஒருவர் பாறையைப் பார்க்காதே என்கிறாரே என்பதுதான் எமது மனத்தாங்கல்.

எம்மவர் கதையும் பெருமைப்படத்தக்கதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் மறுபக்கத்திலே தாராளமானவர்கள். பிரமனுக்கு ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி ஆண்டு என்று விஞ்ஞானம் சொன்னதும், பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று திருவிழா மேடையில் முழங்குவோர் உளர். இரண்டுக்கும் இடையில் இருபத்திரண்டு கோடி ஆண்டு உதைக்கிறதே என்று ஒருமுறை நாம் கேட்டபோது, ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்கள். அமெரிக்கப் பிரசங்கியை ஒரு பொத்தானால் அணைத்துவிடலாம். ஆலமரத்திற் கட்டிய ஒலிபெருக்கியை எப்படி அணைப்பது?

காரில் இருந்தபடியே நாம் பிரசங்கியோடு வாதாடிக்கொண்டிருந்தோம். அவுஸ்திரேலியாவிற் கண்டெடுத்த சேர்க்கன் பளிங்குத் துணுக்குகளுக்கு 440 கோடி ஆண்டு வயது, அவற்றிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறிய அளவே சாட்சி என்று குத்துவிளக்குக்கு விளக்கிச் சொன்னோம். தம்பி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

“அண்ணை, எனக்கும் விளக்குக்கும் சொல்லி என்ன பிரியோசனம்? அவையளுக்கே எடுத்துக் கேளுங்கோவன்.”

தொலைபேசியை நீட்டினான். பின்வாங்கினால் தம்பியின் முன் மானம் போகும். இலக்கத்தை அழுத்தினோம்.

ஒரு பெண்குரல் எடுத்தது. பெயர் கேட்டது, ஊர் கேட்டது. யாழ்ப்பாணம் என்றோம். அது டெக்சாசிலா இருக்கிறது என்று விசாரித்தது. இலங்கை என்றதும், நெடுந்தூரத்திலிருந்து பணங்கட்டிப் பேசுகிறோமென்று எண்ணிப் பரிதவித்தது. நாம் நெப்ராஸ்காவிலேயே இருக்கிறோம் என்று ஆற்றினோம். கேள்வி என்ன என்றது. பூமியின் வயது என்றோம். வானொலியை அணைத்துவிடுங்கள், எதிரொலிக்கும், தொலைபேசியிலேயே நிகழ்ச்சி கேட்கும் என்றது. கடைசியாக, “உங்களுக்காக நாங்கள் பிரார்த்திக்க வேண்டியது ஏதும் உண்டா?” என்று வினவிற்று.

இக்கேள்விக்கு நாம் ஆயத்தமாயிருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் வாசலில் வந்து தாம்பூலத்தட்டை நீட்டினால் தொடாமலிருப்பது எமது ஊர் வழக்கன்று. நாக்கு தன்பாட்டிலே, “அம்மாவுக்கு வியாழக்கிழமை கண் சத்திரசிகிச்சை” என்று சொல்லிவிட்டது. தம்பி தலையைத் திருப்பிப் பார்த்தான். தெருவைப் பார்த்து ஓட்டு என்றோம்.

காத்திருந்தோம். நாற்பது நிமிடம், ஐம்பது மைல். சோளம் அப்படியே இருந்தது. ஒரு லொறிச் சாரதி, தன் நாய்க்கு மோட்சம் உண்டா என்று கேட்டான். தருமபுத்திரர் காலத்திலேயே தீர்ந்துபோன விவகாரம் என்று நாம் சொல்ல, தம்பி சிரித்தான். ஒரு பெண், தேவாலயத்தில் மேளம் அடிக்கலாமா என்றாள். பிரசங்கி இவற்றுக்கெல்லாம் தராசு பிடித்த செட்டியார்போலச் சட்டென்று விடை நிறுத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு கமக்காரர் பேசினார். வயோதிபர் என்பது மூச்சிலேயே தெரிந்தது. வசந்த காலத்திலே மனைவி இறந்துபோனாளாம். ஐம்பத்தொரு வருட வாழ்க்கை. ஒன்றே ஒன்றுதான் கேட்கவேண்டும் என்றார். அங்கே போனபிறகு அவள் என்னை அடையாளம் கண்டுகொள்வாளா? கடைசி இரண்டு வருடமும் நோயினால் அவளுக்கு என்னை யாரென்று தெரியவில்லை.

பிரசங்கி உடனே விடை சொல்லவில்லை. வானொலியில் மௌனம் என்பது கடைக்காரன் பணத்தைத் தெருவிற் கொட்டுவதற்குச் சமானம். அவர் அதைக் கொட்டினார். பின்பு, அதுவரை நாம் கேட்டிராத தணிந்த குரலில், அவருடைய மனைவியின் பெயரைக் கேட்டார். கிழவர் சொன்னார். அவளைப்பற்றிச் சொல்லுங்கள் என்றார். கிழவர் சொல்லத் தொடங்கினார்: கோழி வளர்த்தது, தேவாலயத்துக்குப் பலகாரஞ் சுட்டது, ஒருமுறை ஆலங்கட்டி மழையில் பயிர் முழுதும் அழிந்த அன்று அவள் சிரித்தது. பிரசங்கி இடைமறிக்கவேயில்லை. அடையாளம் கண்டுகொள்வாள் என்று மட்டும் கடைசியிற் சொன்னார். எந்த அதிகாரம், எந்த வசனம் என்று எடுத்துக்காட்டவில்லை.

தம்பி வேகத்தைக் குறைத்திருந்தான். கையிலிருந்த தொலைபேசி எமக்குத் திடீரென்று பாரமாயிற்று. அடுத்தவர் நாம். இந்தக் கிழவர் எழுந்த ஆசனத்தில் அமர்ந்து, யுரேனியம் ஈயமாகும் கணக்கை எப்படிக் கேட்பது? வைத்துவிடுவோமா என்று எண்ணியவேளை, எமது பெயரை நான்கு துண்டாக உடைத்து உச்சரித்தபடி பிரசங்கி வரவேற்றார்.

“இலங்கையிலிருந்து ஒரு சகோதரர்! உங்களுக்கு ஒரு கேள்வி இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் முதலில், உங்கள் தாயாருக்குக் கண் சத்திரசிகிச்சையாமே?”

ஆமென்றோம். எத்தனை வயது என்றார். எழுபத்தாறு என்றோம். பார்வை எப்படியிருக்கிறது? ஒரு கண்ணில் புகைமூட்டம்போல இருக்கிறதாம். பூமாலை கட்ட முடியவில்லை என்று வருந்துகிறார் என்றோம். யாருக்குக் கட்டுகிற மாலை என்பதை, வாசகர் எம்மை மன்னிப்பாராக, அவ்விடத்திற் சொல்லவில்லை. அப்படியானால் இப்போதே பிரார்த்திப்போம் என்று அவர் தொடங்கிவிட்டார். வைத்தியரின் கை நடுங்காதிருக்கவும், அந்த அம்மையார் மறுபடி பூக்களைக் காணவும், தாயைப் பிரிந்து தூரதேசத்திலிருக்கும் மகன் மனம் ஆறுதலடையவும் வேண்டினார். சுருக்கமான பிரார்த்தனைதான். முடிந்ததும் வாத்தியம் எழுந்தது. நேரம் போதவில்லை, நாளை சந்திப்போம் என்றார். தொடர்பு அறுந்தது. பூமியின் வயது பூமியோடேயே இருந்தது.

நாற்பது மைலுக்குப் பிறகு தம்பி வாய்திறந்தான். “அண்ணை, கேள்வியைக் கேட்டனீங்களோ?” என்றான். விடையிறுக்காமல் வலப்பக்கம் திருகி, காதலியை இழந்த லொறிக்காரன் பாட்டை வைத்தோம்.

இரவு நோத் பிளாற் நகரில் தங்கினோம். உலகத்திலேயே மிகப்பெரிய புகையிரத வண்டித் தரிப்பிடம் அங்கே இருக்கிறது. சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஓசை ஓயாமல் வந்தது. நித்திரை வராமையால் நாம் இறங்கிச் சென்று காரிலமர்ந்து மத்திய அலையைத் திருகினோம். பகலில் அயலூரைத் தாண்டாத அவ்வலைகள், சூரியன் மறைந்ததும் வளிமண்டலத்தின் கீழ்ப்படை கலைந்துவிட, மேற்படையில் பட்டுத் தெறித்து நூற்றுக்கணக்கான மைல் பாய்கின்றன. வகுப்பில் வருடந்தோறும் கரும்பலகையிற் கீறிக்காட்டுவது. காதாற் கேட்பது வேறு. டென்வர் வந்தது, சிக்காகோ வந்தது, சோல்ட் லேக் வந்தது. பெருகியும் தேய்ந்தும், கடலலைபோல.

அந்தப் பெருக்கமும் தேய்வும் எமக்குப் பழக்கமானவை. 1990 இல் மின்சாரம் நின்றபின் யாழ்ப்பாணத்தில் வானொலி கேட்ட விதம் இன்றைய பிள்ளைகளுக்குக் கதை. பற்றரி கிடையாது, தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து, மிதியைக் கையாற் சுற்றுவோம். சுற்றியவர் நாம், காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்திருந்தவர் தந்தையார். லண்டன் தமிழோசை முடிந்தால் வெரித்தாஸ். மணிலாவிலிருந்து ஆசிய ஆயர்கள் நடத்திய கத்தோலிக்க வானொலி. தந்தையாரோ நாவலர் வழிவந்த சைவர். பாதிரிமாரின் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதியாதவர். ஆனால் அந்நாளில் எங்கள் சேதியைத் தமிழிற் சொல்லிய குரல்கள் மிகச் சில. நிகழ்ச்சியின் தொடக்கத்திலே செபம் சொல்லுவார்கள். அதற்குக் கையை நிறுத்தினால் தந்தையார் அதட்டுவார்: “சுத்தடா, நிப்பாட்டாதை. நாவலர் பெருமானே பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிளைத் தமிழாக்கிக் குடுத்தவர். நாங்கள் கேட்டால் குறைஞ்சு போகமாட்டம்.” அவர்களின் செபத்துக்கும் எமது கையே மின்சாரம் கொடுத்தது என்பது பல ஆண்டு கழித்தே எமக்கு உறைத்தது. அந்த வானொலி சிற்றலையை 2018 இல் நிறுத்திக்கொண்டது. தந்தையார் அதற்கு முன்பே போய்விட்டார்.

மணி இரவு பத்தரை. ஊரிற் காலை ஒன்பது. அம்மாவை அழைத்தோம். நடந்ததைச் சிரிப்புக்கதையாகவே சொல்ல எண்ணியிருந்தோம். பாதிவரை அப்படியே சொன்னோம். நாயின் மோட்சத்துக்கு அம்மா நன்றாய்ச் சிரித்தார். தமக்காக வானொலியிற் பிரார்த்தித்தார்கள் என்றதும், “நல்லூரானுக்கு நான் நேர்ந்து வைச்சிருக்கிறன். இதுவும் கிடக்கட்டும், வேண்டாமெண்டு சொல்லலாமே” என்றார். அந்த மனிதர் தமிழிலா பேசினார் என்று கேட்டார். இல்லையென்றோம். பிறகு கமக்காரரின் கதையைச் சொன்னோம். அம்மா வெகுநேரம் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இருமுறை கூப்பிட்டோம்.

“அந்த மனிசியின்ரை பேர் என்ன மோனை?”

கிழவர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் ஆங்கிலப் பெயர், அம்மாவின் நாக்குக்கு வராதே என்று தயங்கினோம். எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் சொன்னார். சொன்னோம். கண் தெரியாதே, யாரை எழுதச் சொல்லுகிறீர்கள் என்றோம். பக்கத்துவீட்டுப் பிள்ளை நிற்கிறாள் என்றார். என்ன நட்சத்திரம் என்று அவர் அடுத்துக் கேட்டபோதுதான் எம்மிடம் விடையில்லை.

“சரி, பேர் மட்டும் சொல்லுவிக்கிறன்” என்றார் அம்மா.

மறுநாள் காலை மேற்கே புறப்பட்டு, சற்றுத் தூரத்தில் மலைநாட்டு நேரத்துக்குள் நுழைந்து ஒரு மணித்தியாலத்தை இலாபமாய்ப் பெற்றோம். பெருந்தெரு இரண்டாய்ப் பிரியுமிடத்தில் 76 ஆம் இலக்கத்தைப் பிடித்தோம். சோளம் அருகி, புல்வெளி வந்தது. இடதுகைப் பக்கத்து நிலையங்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன; ஒருவர் கடனில்லாமல் வாழும் வழியைச் சொன்னார்; தம்பி அதைமட்டும் கவனமாய்க் கேட்டான். நண்பகலுக்குப் பின் மலைகள் நீலமாய்த் தெரிந்தன. டென்வரில் மைத்துனர் வாசலிலேயே நின்றார். எம்மை வாருங்கள் என்று சொல்லுமுன், பின்கதவைத் திறந்து, குத்துவிளக்கின் பட்டியை அவிழ்த்தார்.